கைக்குழந்தையோடு கல்லூரி: சட்டம் எதுவரை வருகிறது?

“கல்லூரி மாணவிகளுக்கும் 240 நாள் மகப்பேறு விடுப்பு, அரசு உத்தரவு” என்று ஒரு செய்தி டெல்லித் தமிழர்களின் வாட்ஸப் குழுக்களில் அவ்வப்போது சுற்றும். எங்காவது ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தால் போதும், பழைய ஃபார்வர்டு புதுத் தேதியோடு வந்துவிடும். கீழே யாராவது “என் மருமகள் எம்.எட். படிக்கிறாள், அவளுக்கு உண்டா?” என்று கேட்பார்கள். ஆளுக்கொரு பதில் வரும்.

240 நாள் என்பது பொய்யில்லை. ஆனால் அது பிஎச்.டி. ஆய்வாளர்களுக்கு மட்டும். எம்.எட்., எம்.ஏ., பி.டெக்., சட்டப் படிப்பு எல்லாம் வேறு வேறு கணக்கு, சிலவற்றில் கணக்கே கிடையாது. அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது: நம் விதிகளில் பெரும்பாலானவை பிள்ளை பெறுவதைப் பற்றியவை. பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு அடுத்த மூன்று வருடம் படிப்பது எப்படி என்ற கேள்விக்குள் அவை கிட்டத்தட்ட நுழைவதே இல்லை.

26 வாரம் ஏன் மாணவிக்குப் பொருந்தாது

மகப்பேறு பயன் சட்டம் 1961இல் வந்தது. 2017 திருத்தத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பு 26 வாரமானது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமானது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2025 நவம்பரில் இந்த விதிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டன. ஆனால் இந்தச் சட்டம் வேலை செய்யும் பெண்ணுக்கானது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். மாணவி சம்பளம் வாங்குவதில்லை, அதனால் சட்டத்தின் கண்ணில் அவர் படுவதே இல்லை.

இதன் விளைவு ஒரே வகுப்பறைக்குள் தெரியும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கும் பேராசிரியைக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு. அது போக, பிள்ளைக்கு 18 வயதாகும்வரை தேவைப்படும்போது எடுத்துக்கொள்ள மொத்தம் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. அவர் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் 27 வயது எம்.ஏ. மாணவிக்கு, அந்தப் பல்கலைக்கழகம் தானாக விதி எதுவும் எழுதியிருந்தால் ஒழிய, ஒன்றும் கிடையாது.

யாருக்கு என்ன: மூன்று வகை

1. பிஎச்.டி. ஆய்வாளர்கள். இருப்பவர்களில் இவர்கள் நிலைதான் தேவலை. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2016 விதிமுறை எம்.ஃபில்., பிஎச்.டி. மாணவிகளுக்கு 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தரலாம் என்றது. 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறையும் அதை வைத்துக்கொண்டது. பிஎச்.டி.க்கு ஆறு வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, பெண் ஆய்வாளர்களுக்கு அதற்கு மேலும் இரண்டு, ஆக மொத்தம் பத்து வருடம் வரை போகலாம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த 240 நாள் முழுப் படிப்புக்கும் சேர்த்து. பிரசவத்துக்கு ஆறு மாதம் எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது இரண்டு மாதம். குழந்தைக்குக் காய்ச்சல், அம்மை, விளையாட்டுப் பள்ளியில் சேர்த்த முதல் வாரத்து அழுகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

பணம் தனிக் கதை. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கியவருக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆனதும் 42,000. மகப்பேறு விடுப்புக் காலத்திலும் அது முழுதாகத் தொடரும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத ஆய்வாளர்களுக்கு மாதம் 8,000. தனியார் பல்கலைக்கழகத்தில் சொந்தப் பணம் கட்டிப் படிப்பவருக்கு 240 நாள் விடுப்பு என்பது கட்டணமும் ஓடிக்கொண்டிருக்கும் 240 நாள்.

2. இளநிலை, முதுநிலை மாணவிகள். 2021 டிசம்பர் 14 அன்று யுஜிசி எல்லாத் துணைவேந்தர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பு தர உரிய விதிகளை வகுத்துக்கொள்ளுங்கள், வருகைப்பதிவு, தேர்வுப் படிவம் கட்டும் கடைசித் தேதி போன்றவற்றில் தேவையான சலுகை கொடுங்கள் என்பது அதன் சாரம். எத்தனை நாள் என்று அதில் இல்லை. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் இல்லை. ஆக, அது ஓர் அறிவுரை. சில பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன, பல இடங்களில் ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்டவர்களில் கேரளாவைச் சொல்ல வேண்டும். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் 18 வயது நிறைந்த மாணவிகளுக்கு 60 நாள் விடுப்பு அறிவித்தது. அடுத்த மாதமே மாநில அரசு அதை உயர்கல்வித் துறையின் கீழுள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் விரித்தது. கேரளப் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போய் ஆறு மாதம் வரை என்றது. நாள் எண்ணிக்கை எழுத்தில் இருப்பதுதான் இங்கே விஷயம். எண் இருந்தால் மாணவி துறைத் தலைவர் அறை வாசலில் நின்று கெஞ்ச வேண்டியதில்லை.

3. தொழிற்படிப்புகள். சிக்கல் அதிகம் இங்கேதான், ஏனென்றால் பல்கலைக்கழகத்துக்கு மேல் இன்னொரு எஜமான் உண்டு. சட்டப் படிப்புக்கு பார் கவுன்சில், 70 சதவீத வருகை. பி.எட்., எம்.எட். படிப்புக்கு என்சிடிஇ (ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில்), பாட வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90. மருத்துவ மேற்படிப்பில் தேசிய மருத்துவ ஆணையம் அரசு விதிப்படி மகப்பேறு விடுப்பைத் தருகிறது, ஆனால் விடுபட்ட பயிற்சிக் காலத்தைப் பின்னால் ஈடுகட்ட வேண்டும். “எங்களுக்குத் தரத்தான் ஆசை, மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்” என்ற பதில் பிறப்பது இந்த இரட்டை ஆட்சியில்.

சதவீதத்தில் ஒளிந்திருக்கும் கணக்கு

“சலுகை தருகிறோம்” என்று கல்லூரி சொன்னால் எந்தச் சலுகை என்று கேட்க வேண்டும். இரண்டு வகை இருக்கிறது, இரண்டும் ஒன்றில்லை.

ஓர் உதாரணத்துக்கு, ஒரு செமஸ்டரில் 90 நாள் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். மாணவி பிரசவத்துக்காக ஊருக்குப் போய் 40 வகுப்பு நாள் வரவில்லை. மிச்சமிருந்த 50 நாளில் 36 நாள் வந்திருக்கிறார். கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு இது நல்ல வருகை.

முதல் வகை, தேவையான சதவீதத்தைக் குறைப்பது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் வழக்கமாக மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66.67 சதவீதம் வேண்டும். பத்து சதவீதம் தள்ளுபடி என்று கொடுத்தால் 56.67 போதும். மாணவியின் வருகை 90க்கு 36, வெறும் 40 சதவீதம். சலுகை கிடைத்தும் ஹால் டிக்கெட் கிடைக்காது.

இரண்டாவது வகை, விடுப்பு நாட்களை மொத்தத்திலிருந்தே கழித்துவிடுவது. அப்போது 50க்கு 36, அதாவது 72 சதவீதம். எந்தத் தள்ளுபடியும் தேவையில்லாமலே தேர்வு எழுதலாம்.

இந்த இரண்டாவது முறை புதுக் கண்டுபிடிப்பு இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஏழாவது ஆர்டினன்ஸில், அதாவது பல்கலைக்கழகத்தின் சொந்த விதியில், பல காலமாகவே இருக்கிறது: மகப்பேறு விடுப்பு பெற்ற மணமான மாணவிக்கு, அந்த நாட்களில் நடந்த வகுப்புகளை மொத்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. (மணமான என்ற நிபந்தனை ஏன் என்று கேட்டால் அந்தக் காலத்து ஆட்கள் எழுதியது என்பதைத் தவிர நியாயமான பதில் எனக்குத் தோன்றவில்லை.) விதி இருக்கிறது, ஆனால் கல்லூரி அலுவலகத்தில் இருப்பவருக்கே பல நேரம் அது தெரியாது. “கண்டோனேஷன் ஃபார்ம் (வருகைக் குறைவை மன்னிக்கக் கோரும் படிவம்) எழுதிக்கொடுங்கள், பார்க்கலாம்” என்று மாணவியை முதல் வகைக்குத் தள்ளிவிடுவார். அங்கே போனால் உரிமை கருணை மனு ஆகிவிடுகிறது.

நீதிமன்றங்கள் ஏன் முன்னுக்குப் பின் பேசுகின்றன

தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் குழப்பம் கொஞ்சம் தெளியும்.

2010இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் ஒற்றை நீதிபதி, கர்ப்பத்தால் வருகை குறைந்த சட்ட மாணவிகளைத் தேர்வு எழுதவிடாமல் நிறுத்தக் கூடாது என்றார். 2018இல் அதே நீதிமன்றம், ஏறக்குறைய அதே மாதிரி வழக்கில், ஐம்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வருகை வைத்திருந்த சட்ட மாணவிக்கு உதவ மறுத்தது. மேலே சொன்ன ஏழாவது ஆர்டினன்ஸ் இருந்தும்தான். காரணம், சட்டப் படிப்பு தொழிற்படிப்பு, பார் கவுன்சிலின் வருகை விதியே அங்கே மேலோங்கும் என்பது. அந்த மாணவிக்குக் குழந்தை பிறந்தது ஒழுங்கீனம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் விதி அவரையும் வகுப்புக்கு மட்டம் போட்டவரையும் ஒரே தட்டில்தான் வைத்தது.

2021இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வேறு வழியில் போனது. கர்ப்ப காலத்தில் தேர்வு எழுத முடியாமல் போன கான்பூர் பி.டெக். மாணவிக்கு மறுவாய்ப்பு கொடுக்கச் சொன்னது. அதோடு நிறுத்தாமல், லக்னோவின் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கு மகப்பேறு விதிகளை வகுத்தே ஆகவேண்டும் என்றது. 

2023 மே மாதம் டெல்லியில் வந்த தீர்ப்பு அதிகம் பேசப்பட்டது. மீரட் பல்கலைக்கழக எம்.எட். மாணவி, 59 நாள் விடுப்பு கேட்டு மறுக்கப்பட்டவர். படிக்கும் உரிமையா, பிள்ளை பெறும் உரிமையா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு குடிமகளை நிர்ப்பந்திக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. பல்கலைக்கழகத்தின் மறுப்பை ரத்து செய்து, 59 நாளைக் கணக்கில் கொண்டு அவருடைய வருகை 80 சதவீதம் வருகிறதா என்று திரும்பப் பார்க்கச் சொன்னது. நம் இரண்டாவது வகைக் கணக்குதான், நீதிமன்றத்தின் வாயிலாக. 2025 நவம்பரில் இன்னொரு வழக்கில், வருகைக் குறைவை மட்டும் காட்டிச் சட்ட மாணவர்களைத் தேர்விலிருந்து தடுக்கக் கூடாது என்றும் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. 2018இன் கெடுபிடி இதனால் தளர்கிறது. ஆனால் இது எல்லா மாணவர்களுக்கும் பொதுவான வழி, தாய்மார்களுக்கென்று வந்ததில்லை.

விடுப்பு முடிந்த மறுநாள்

சரி, விடுப்பும் கிடைத்தது, தேர்வும் எழுதியாயிற்று. குழந்தைக்கு எட்டு மாதம். அடுத்த செமஸ்டர் ஆரம்பம். இனிமேல்தான் உண்மையான சோதனை, இங்கேதான் அரசுக் கொள்கை மெலிந்துபோகிறது.

முனிர்காவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஜேஎன்யூவிலோ ஐஐடியிலோ படிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் குருகிராமுக்கு வேலைக்குப் போகிறவர், காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவுதான். அங்கன்வாடி அரைநாள்தான், அதுவும் மூன்று வயது ஆனால்தான் உட்கார வைத்துக்கொள்வார்கள். தனியார் காப்பகம் என்றால் வீட்டு வாடகைக்கு அடுத்த பெரிய செலவு. கடைசியில் நடப்பது நமக்கெல்லாம் தெரியும்: திருநெல்வேலியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ அம்மா ரயிலேறி வருவார், அவர் முழங்கால் டெல்லிக் குளிரைத் தாங்காமல் திரும்பினால் மாமியார் வருவார். நாட்டின் மிகப்பெரிய காப்பகத் திட்டம் பாட்டிதான், அதற்குப் பட்ஜெட்டில் ஒரு பைசா ஒதுக்கீடு கிடையாது. பாட்டி வர முடியாத வீட்டில் படிப்பு நிற்கும், பதிவேட்டில் அது “சொந்தக் காரணம்” என்று ஏறும்.

மத்திய அரசின் காப்பகத் திட்டம் ஒன்று இருக்கிறது. 2006இல் ராஜீவ் காந்தி பெயரில் ஆரம்பித்து, 2017இல் தேசியக் காப்பகத் திட்டமாகி, 2022 முதல் ‘பால்னா’ என்று ஓடுகிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை. பழைய வடிவத்தில் தாய் வேலைக்குப் போகிறவராக இருக்க வேண்டும், மாதத்தில் குறைந்தது 15 நாளாவது. பால்னாவில் அந்த நிபந்தனை எடுக்கப்பட்டது, தாய் வேலை பார்க்கிறாரா இல்லையா என்பது இப்போது பொருட்டில்லை. மாணவிக்கு இது நல்ல செய்தி, ஆனால் அவரிடம் யாரும் சொல்லவில்லை. அங்கன்வாடியோடு காப்பகம் சேர்ந்த மையம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரிப்பது மதிப்பு.

வளாகத்துக்குள்? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்பதால் காப்பகம் வைக்க வேண்டிய கடமை பெரிய பல்கலைக்கழகங்களுக்கும் வருகிறது, ஆனால் சட்டப்படி அது ஊழியர்களின் பிள்ளைகளுக்கு. மாணவியின் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது நிர்வாகத்தின் மனசு. ஜேஎன்யூவில் மணமான ஆய்வாளர்களுக்கென்றே மகாநதி விடுதி இருக்கிறது, இப்படி ஒரு வசதி எல்லா இடத்திலும் இல்லை. சாதாரண மகளிர் விடுதியில் கைக்குழந்தையோடு தங்க முடியாது.

அப்புறம் டெல்லிக்கே உரிய தொல்லை ஒன்று. நவம்பரில் காற்று கெட்டு, சின்ன வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றிவிடுவார்கள். செமஸ்டர் தேர்வும் நவம்பர், டிசம்பரில்தான். மூத்த பிள்ளை இருந்தால் அதுவும் வீட்டில். இந்த மாதத்தில் காப்பாற்றும் விதி எதுவும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அப்பாவாக இருக்கும் மாணவருக்கு? மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பிஎச்.டி. விதிமுறையின் 240 நாள் பெண் ஆய்வாளர்களுக்கு மட்டும். பிள்ளை வளர்ப்பு பெண்ணின் வேலை என்று விதியே முடிவு கட்டிவிட்டால், வீட்டில் மட்டும் வேறு எப்படி நடக்கும்?

வெளிநாட்டில் இதைத் தனிப் பிரிவாகவே பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 1998 சட்டத்திருத்தம் முதல், வருமானம் குறைந்த மாணவப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு வளாகக் காப்பகம் நடத்தக் கல்லூரிகளுக்கு மத்திய அரசு மானியம் தருகிறது. இங்கிலாந்தில் தகுதியுள்ள முழுநேரக் கல்லூரி மாணவருக்குக் காப்பகச் செலவில் 85 சதவீதம் வரை, ஓர் உச்சவரம்புக்குள், அரசு ஏற்கிறது. இரண்டிலும் குறைகள் உண்டு. ஆனால் மாணவர் என்பவரும் பெற்றோராக இருக்கலாம் என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை.

கைக்கு வரும் பணம்

பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய், இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் 6,000. அரசு ஊழியர்களும் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு பெறுபவர்களும் இதில் சேர முடியாது. மாணவி அந்த வகையில் வரமாட்டார். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் என்ற சான்றோ, தகுதியான ரேஷன் அட்டையோ, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் அட்டையோ ஏதாவது ஒன்று போதும். படிக்கிறவருக்குக் கிடையாது என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விடுவதுதான் வழக்கம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பு: 14,000 பணம், 4,000 பெறுமான ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் இரண்டு. மத்தியத் திட்டத்தின் தொகையும் இதற்குள் அடக்கம் என்பதால் இரண்டையும் தனித்தனியாக வாங்க முடியாது. டெல்லியில் பதிவு செய்வதா ஊரில் பதிவு செய்வதா என்று கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே முடிவெடுப்பது நல்லது. ஊரில் பிரசவம் என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்த 12 இலக்க எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கே அலைய நேரிடும்.

இடையில் நிறுத்திவிட்டுப் பிறகு வரலாமே?

2020 கல்விக் கொள்கை இதற்கு ஒரு கதவு திறந்தது. முதல் வருடத்தோடு நின்றால் சான்றிதழ், இரண்டில் டிப்ளமோ, மூன்றில் பட்டம். சேர்த்த மதிப்பெண் புள்ளிகள் கல்விக் கணக்கு வங்கியில் ஏழு வருடம் வரை இருக்கும். காகிதத்தில் தாய்மார்களுக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. ஆனால் வெளியே போவது சுலபம், திரும்பி வரும்போது அதே பல்கலைக்கழகத்தில் இடமும் விடுதியும் காத்திருக்கும் என்ற உறுதி இல்லை. “இப்போதைக்கு எக்ஸிட் எடுத்துக்கோம்மா” என்று கரிசனத்தோடு சொல்லப்படும் யோசனையை இரண்டு தடவை யோசித்து ஏற்க வேண்டும். இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடம் வரை இழுத்து முடிக்கலாம், பலருக்கு அதுவே நடைமுறை வழி. ஆனால் ஆய்வகப் படிப்புக்கும் சட்டத்துக்கும் அது மாற்றாகாது.

விண்ணப்பிக்கும்போது

1. ஊருக்குக் கிளம்பும் முன்பே எழுத்தில் கொடுங்கள். 2021 டிசம்பர் 14 யுஜிசி கடிதத்தைத் தேதியோடு குறிப்பிடுங்கள். “சலுகை வேண்டும்” என்று மொட்டையாக எழுதாமல், விடுப்பு நாட்களின் வகுப்புகளை மொத்த வகுப்புகளிலிருந்து கழிக்கக் கோருங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் நகரக் கூடாது.

2. விதியே இல்லை என்றால், விதி வகுத்தீர்களா, இல்லையென்றால் ஏன் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். பல இடங்களில் இந்தக் கேள்வி போன பிறகுதான் ஃபைல் அசைகிறது.

3. மறுப்பு எழுத்தில் வந்தால் உயர் நீதிமன்றம். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. ஆனால் தேர்வுக்கு முன்பே போக வேண்டும். தேர்வு எழுத இடைக்கால அனுமதி கொடுத்து, முடிவை மட்டும் வழக்கு முடியும்வரை நிறுத்திவைப்பது நீதிமன்றங்களில் வழக்கம்தான். தேர்வு நடந்து முடிந்துவிட்டால் கேட்பதற்கு அந்தச் செமஸ்டரில் அனேகமாக எதுவும் மிச்சமிருக்காது.